டயாலிசிஸ் தொடங்கும் நாளில்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துபோன ஒருவர், வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி வீதம், டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 12 மணி. எஞ்சிய 156 மணி நேரமும் அவர் தம் வீட்டில் இருக்கிறார். உண்கிறார், உறங்குகிறார், தாகத்தால் தவிக்கிறார், உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறார். டயாலிசிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 12 மணியைப் பற்றியும் அந்த அற்புதமான இயந்திரத்தைப் பற்றியும் பேசி நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நோயாளி நெடுநாள் வாழ்வாரா என்பது பெரும்பாலும் அந்த 156 மணியில்தான் தீர்மானமாகிறது. அதற்கு அவரையும் அவர் வீட்டாரையும் ஆயத்தம் செய்கிறவர் செவிலி. டயாலிசிஸ் தொடங்கும் முதற்சில வாரங்களில் செவிலி செய்யும் பணியைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் சிறுநீரகத்தின் வேலையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். முதுகெலும்பின் இருமருங்கிலும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, மூடிய கை அளவில், அவரை விதையின் வடிவில் அமைந்தவை இவை. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இது வெறும் துப்புரவு வேலை என்று எண்ணிவிடக் கூடாது. உப்பையும் நீரையும் சமன் செய்வது, இரத்தத்தில் அமிலம் மிகாமல் காப்பது, இரத்த அழுத்தத்தை ஒழுங்கில் வைப்பது, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் பொருளைச் சுரப்பது, வைட்டமின் 'டி'யை உடம்புக்குப் பயன்படும் நிலைக்கு மாற்றுவது ஆகிய யாவும் இவற்றின் பொறுப்பே.

இயந்திரம் இவற்றுள் சிலவற்றை மட்டுமே செய்ய வல்லது. அதன் உயிர்நிலை டயாலைசர் என்னும் ஒரு பிளாஸ்டிக் உருளை. ஒரு முழ நீளங்கூட இராது. அதனுள்ளே தலைமயிர் போன்று மெல்லிய, நடுவே துளையுள்ள ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. இழைகளின் உட்புறம் இரத்தம் ஓடுகிறது; வெளிப்புறம், அளவாக உப்புக்கள் கலந்த நீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் யூரியாவும் பொட்டாசியமும் இழையின் சுவரைக் கடந்து நீருக்குள் இறங்குகின்றன. மிகுதியாகத் தேங்கிய நீரை இயந்திரம் அழுத்த வேறுபாட்டால் இழுத்து விடுகிறது. எரித்ரோபொயட்டினையோ வைட்டமினையோ இதனால் ஆக்கித் தர முடியாது. அவற்றை ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுத்தாக வேண்டும்.

டயாலிசிஸ் என்ற சொல்லை 1861-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தாமஸ் கிரஹாம். அதை மனிதருக்கு உதவும் கருவியாக்கியவர் வில்லெம் கோல்ஃப் என்னும் டச்சு டாக்டர். 1943-இல், ஜெர்மானியப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில், காம்பென் என்ற சிறு நகரத்தின் ஆஸ்பத்திரியில், இறைச்சியை அடைப்பதற்குப் பயன்படும் செல்லோஃபேன் குழலை மரச் சட்டங்களாலான ஓர் உருளையின் மேல் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டு அவர் தம் முதல் இயந்திரத்தை அமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறக்குறைய அனைவரும் இறந்துபோயினர். 1945 செப்டம்பரில், 17-ஆவது நோயாளியாக வந்த 67 வயது மூதாட்டி நினைவிழந்த நிலையிலிருந்து கண் விழித்தார். அவர் போர்க்காலத்தில் எதிரிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். நோயாளியின் கடந்தகாலத்தைக் கேட்டுச் சிகிச்சை செய்வது மருத்துவருடைய வேலையன்று என்பதில் கோல்ஃப் உறுதியாக இருந்தார்.

அன்று ஒரு பெரிய இடர்ப்பாடு இருந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுத்துக் குழாய் பொருத்த வேண்டியிருந்தது. சில தடவைகளில் இரத்தக் குழாய்கள் தீர்ந்துபோகும். அத்துடன் சிகிச்சையும் முடியும். ஆகையால் சில நாள்களில் தாமே குணமாகக்கூடிய சிறுநீரகங்களுக்கு மட்டுமே இது உதவிற்று. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயைக் கையில் நிலையாகப் பொருத்தும் முறையைக் கண்டார். முதலில் அதைப் பெற்ற கிளைடு ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ, அப்பெல் முதலிய மருத்துவர்கள் இன்னும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கடியிலேயே இணைத்துத் தைத்துவிட்டால், தமனியின் வேகமான இரத்தம் சிரைக்குள் பாய்கிறது. சிரை நாளடைவில் பருத்து, சுவர் தடித்து, மீண்டும் மீண்டும் ஊசி குத்தத் தக்கதாகிறது. இதைத்தான் நோயாளிகள் இன்று 'ஃபிஸ்டுலா' என்று சொல்லுகிறார்கள். அறுபது ஆண்டுகள் ஆகியும் இதனினும் சிறந்த வழி கிடைக்கவில்லை.

இனி, ஒரு நோயாளியை நினைத்துக்கொள்வோம். கும்பகோணத்துப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர் ஒருவர், வயது ஐம்பது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. நடுவில் இரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டில் சிறுநீரகம் பழுதாவதற்கு முதன்மையான காரணங்கள் இவ்விரண்டுமே. ஓராண்டுக் காலமாக மாலையில் கால் வீங்குகிறது. தறிக்குழியில் நெடுநேரம் உட்காருவதால் என்று அவர் நினைத்துக்கொண்டார். பசி குறைந்தது. வாயில் ஒருவிதக் கசப்பு. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீரகம் பழுதானவர்கள் இவ்வாறு மெல்ல மெல்லப் பழகிப்போவதால், பாதிக்கு மேல் கெட்ட பிறகும் தமக்கு நோய் இருப்பதை அறிவதில்லை.

இவர் உரிய காலத்தில் மருத்துவரிடம் போயிருந்தால் செவிலியின் பணி டயாலிசிஸுக்குப் பல மாதம் முன்னரே தொடங்கியிருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அது கடைசிக் கட்டம் என்று கொள்ளுகிறார்கள். அப்பொழுதும் எண்ணைக் கண்டதுமே இயந்திரத்தில் சேர்த்துவிட வேண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சி, முன்கூட்டியே தொடங்கியவர்கள், அறிகுறிகள் தோன்றும் வரை காத்திருந்து தொடங்கியவர்களைவிட அதிக நாள் வாழவில்லை என்று காட்டிற்று. ஆனால், காத்திருப்பது வேறு. ஆயத்தமின்றி இருப்பது வேறு. அந்தக் காத்திருக்கும் காலத்தில் மஞ்சட் காமாலை 'பி' கிருமிக்குத் தடுப்பூசி போட வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அது வழக்கத்தைவிட இரட்டிப்பு அளவில் தேவை. ஃபிஸ்டுலா தைத்து முடித்திருக்க வேண்டும்.

கையைக் காப்பாற்றுவது என்று செவிலியர் சொல்லுவது இங்கேதான் வருகிறது. வலக்கையால் வேலை செய்பவருக்கு இடக்கையில் ஃபிஸ்டுலா வைப்பது வழக்கம். ஆதலால் அந்தக் கையின் சிரைகளில் இரத்தம் எடுப்பதோ, குளுகோஸ் ஏற்றுவதோ கூடாது. ஊசி போட்டே ஆகவேண்டுமானால் புறங்கையில் போட வேண்டும். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்குமாகப் பல இடங்களில் சேர்ந்து, முழங்கைச் சிரைகள் எல்லாம் குத்திக் குத்திக் கயிறுபோல் இறுகிப்போன பிறகு வருகிற நோயாளிகளைப் பார்க்கும்போது மனம் நொந்துபோகிறது. ஊசி குத்தியவர்கள் யாரும் தீங்கு நினைத்தவர்களல்லர். 'இந்தக் கையைத் தொடாதீர்கள்' என்று சொல்ல அப்பொழுது அங்கே யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இயந்திரம் ஒன்றே வழி என்பதும் இல்லை. வயிற்றுக்குள் மென்குழாய் ஒன்றைப் பொருத்தி, இரண்டு லிட்டர் அளவுள்ள திரவத்தை நாள்தோறும் சுமார் நான்கு முறை வீட்டிலேயே ஏற்றி இறக்கும் முறையும் உண்டு. அங்கே வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாகிறது. இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு, தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இடம்பெற்றது. கைகழுவுவதில் கண்டிப்பும், இறங்கும் திரவம் கலங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரும் எச்சரிக்கையும் இதற்கு வேண்டும். மூன்றாவது வழி மாற்றுச் சிறுநீரகம். நான்காவது ஒன்றும் உண்டு. மிக்க முதுமையும் வேறு கொடிய நோய்களும் உடையவர், இயந்திரம் வேண்டாம், துன்பம் தணிக்கும் சிகிச்சை மட்டும் போதும் என்று தேர்ந்துகொள்ளலாம். இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, நோயாளி கேட்கும் கேள்விகளை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதும் செவிலியின் கடமையே.

நம் நெசவாளருக்கு இந்த வாய்ப்புக்கள் எவையும் கிட்டவில்லை. ஒரு நள்ளிரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்ற நிலையில் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நம் நாட்டில் டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் மிகப் பலர் இவ்வாறுதான் வருகிறார்கள். ஃபிஸ்டுலா முற்றுவதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஆகவே கழுத்தின் வலப்புறப் பெருஞ்சிரையில் இரட்டைத் துளையுள்ள கதீட்டர் என்னும் மென்குழாயை மருத்துவர் பொருத்துகிறார்.

அந்நேரத்தில் செவிலிக்கு இரண்டு வேலைகள் ஒருங்கே நடக்கின்றன. ஒருபுறம் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, பொட்டாசியத்தின் அளவு, மஞ்சட் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனை. மறுபுறம், வெளியே நின்று அழுதுகொண்டிருக்கும் மனைவி. "சிஸ்டரம்மா, இதில் போட்டுவிட்டால் பிறகு சாகும்வரை விடமுடியாது என்கிறார்களே, உண்மைதானா?" என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்வியை ஒவ்வொரு டயாலிசிஸ் வார்டிலும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இயந்திரம் பழக்கத்தை உண்டாக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். "அம்மா, இது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பங்கை இது செய்கிறது. சிறுநீரகம் தேறினால் நிறுத்திவிடலாம். தேறாவிட்டால் தொடர வேண்டியிருக்கும். எது என்பது சில வாரங்களில் தெரியும்" என்று செவிலி விடையளிக்கிறார். பொய்யான நம்பிக்கை இதில் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் டயாலைசரைக் கடந்து போகிறது. நாம் குடிக்கும் நீர் குடலைத் தாண்டித்தான் இரத்தத்தை அடைகிறது. இந்த நீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே மெல்லிய இழைச் சுவர் ஒன்றே உண்டு. ஆதலால் நீரைப் பலபடியாகத் தூய்மை செய்கிறார்கள். குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் சிகிச்சைக்கு முன்னர்ச் சோதிக்க வேண்டும். பிரேசில் நாட்டில் கரூவாரு என்ற ஊரில் 1996-இல், நீர்த்தேக்கத்துப் பாசியின் நஞ்சு கலந்த நீரால் டயாலிசிஸ் நோயாளிகள் ஐம்பது பேர் வரை ஈரல் கெட்டு மாண்டனர். சோதனைத் துளியை விட்டு நிறம் பார்க்கும் அந்த இரண்டு நிமிட வேலையை எந்த அவசரத்திலும் செவிலியர் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பொழுது முதல் சிகிச்சை. இவ்வளவு நச்சு தேங்கியிருக்கிறதே, வேகமாகச் சுத்தம் செய்தால் நல்லதல்லவா என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் ஆபத்து. பல மாதமாகச் சேர்ந்த யூரியா இரத்தத்தில் மட்டுமன்றி மூளையின் திசுவிலும் நிறைந்திருக்கிறது. இரத்தத்திலிருந்து அதை விரைந்து நீக்கிவிட்டால் மூளையிலுள்ளது அதே வேகத்தில் வெளிவர முடிவதில்லை. அடர்த்தி மிகுந்த இடத்தை நோக்கி நீர் செல்லுவது இயற்கை. உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் அது உப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல மூளை நீரை ஏற்று வீங்குகிறது. தலைவலி, குமட்டல், அமைதியின்மை, மனக் குழப்பம், பின்னர் வலிப்பு. சில வேளை உயிருக்கே கேடு. ஆகையால் முதல் நாள் இரண்டு மணி நேரமே போதும். இரத்தத்தை நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லிலிட்டர் வரையில் மெதுவாகவே ஓட்டுகிறார்கள். மறுநாள் சற்றுக் கூடுதல். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் முழு நான்கு மணியும் 300 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட வேகமும். நுரையீரலில் கோத்த நீரை மட்டும் முதல் நாளிலேயே அளவாக இறக்கிவிடலாம். நச்சைத்தான் மெல்ல நீக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரமும் செவிலி நோயாளியின் பக்கத்திலேயே இருக்கிறார். கால் மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கிறார். ஆனால் கருவி காட்டும் எண்ணுக்கு முன்னரே முகம் காட்டிவிடும் என்று அனுபவமுள்ள செவிலியர் சொல்லுவார்கள். நோயாளி கொட்டாவி விடத் தொடங்குகிறார், பேச்சு குறைகிறது, நெற்றியில் வேர்வை அரும்புகிறது. இரத்த அழுத்தம் இறங்கப் போகிறது என்பதற்கு அடையாளம் அது. உடனே தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, நீர் எடுப்பதை நிறுத்தி, சிறிது உப்புநீரை ஏற்றினால் நிமிடங்களில் தெளிந்துவிடுவார். 'தலை வலிக்கிறதா, ஐயா? நீங்கள் எந்த ஊர்? இன்று என்ன கிழமை?' என்று இடையிடையே செவிலி கேட்பது பொழுதுபோக்குக்காக அன்று. விடை தடுமாறினால் மூளை வீங்குகிறது என்று பொருள்.

வார்டில் குளிராக இருக்கும். உடம்பிலிருந்து வெளியே சுற்றிவரும் இரத்தமும் சற்றுக் குளிர்கிறது. நோயாளிகள் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்ள விரும்புவார்கள். குழாய் பொருந்திய இடத்தை மட்டும் மூட விடக்கூடாது. இணைப்புக் கழன்று போர்வைக்கடியில் இரத்தம் கசிந்தால் இயந்திரத்தின் எச்சரிக்கை மணி எல்லா வேளையும் அடிப்பதில்லை. சில நிமிடங்களில் ஆள் மயங்கிவிடுவார். போர்வையை ஒரு சாண் விலக்கி வைக்கும் அந்தச் சிறு செயல் பல உயிர்களைக் காத்திருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பதால், அண்மையில் பல் பிடுங்கினீர்களா, கீழே விழுந்தீர்களா, பெண்களானால் மாதவிடாய்க் காலமா என்றெல்லாம் முன்னதாகவே கேட்டுவிடவும் வேண்டும்.

கழுத்துக் குழாய் உயிர் காப்பது. கிருமிக்கு நேர்வழியும் அதுவே. அதைத் திறக்கும்போதும் மூடும்போதும் செவிலியும் நோயாளியும் வாய்மூடி அணிந்துகொள்ள வேண்டும். டயாலிசிஸைத் தவிர வேறு எதற்கும், ஒரு பாட்டில் குளுகோஸுக்குக்கூட, அதைத் திறக்கலாகாது. தலைக்குக் குளித்துக் கட்டை நனைக்கக் கூடாது. இயந்திரத்தில் இருக்கும்போது குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், வேறு காரணம் புலப்படும் வரையில் குழாயில் கிருமி என்றே கொள்ள வேண்டும்.

ஒரு வாரத்தில் நெசவாளருக்கு மூச்சுத் திணறல் நீங்கிவிட்டது. பசி எடுத்தது. இரண்டு தலையணையின்றிப் படுத்து உறங்கினார். சிறுநீரகம் தேறவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இனித்தான் 156 மணியின் பாடம்.

முதற் பாடம் எடை. மிகை நீரெல்லாம் நீங்கி, வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல் நோயாளி நலமாக இருக்கும் எடையை 'உலர் எடை' என்கிறார்கள். நம் நெசவாளருக்கு அது 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை 60 கிலோவாக வந்தால் இரண்டு நாளில் அவர் சதை போட்டுவிடவில்லை. இரண்டு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது. அதை எடுப்பதிலும் எல்லை உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் எடுத்தால் இதயத்துக்கு ஊறு. அவருக்கு நான்கு மணி நேரத்தில் எடுக்கக்கூடியது சுமார் மூன்று லிட்டர். ஐந்து லிட்டர் சேர்த்துக்கொண்டு வந்தால், பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்திழுக்கும், அழுத்தம் சரியும். மிச்சம் நீரோடு வீடு திரும்ப நேரும். இந்தக் கணக்கைச் செவிலி ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறார். பாவுக்கும் ஊடைக்கும் நூற்கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இது விளங்காமற் போகவில்லை.

நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கலாம்? முந்தின நாள் கழிந்த சிறுநீரின் அளவும், அதற்கு மேல் அரை லிட்டரும் என்பது பொதுவான கணக்கு. குடிநீர் மட்டுமே கணக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காப்பி, மோர், கஞ்சி, ரசம், பாயசம், சோற்றில் ஊற்றிய குழம்பு எல்லாம் நீர்தான். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை நிரப்பி வைத்து, ஒரு டம்ளர் மோர் குடித்தால் அதிலிருந்து ஒரு டம்ளர் நீரைக் கொட்டிவிடச் சொல்லுகிறார்கள் சில செவிலியர். எளிய, நல்ல வழி. நீரைக் குறை என்று சொல்லி உப்பைக் குறைக்காமல் விட்டால் அது கொடுமை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் ஆகியவற்றைத் தின்றவருக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? உப்பைக் குறைத்தால் தாகம் தானே குறையும். ஆனால் கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை வாங்கலாகாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள்.

பொட்டாசியம் மிகுந்தால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடக்கூடும். இங்கே நம் ஊர் அன்பே பகையாகிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமும் சாத்துக்குடியும் வாங்கி வருகிறார்கள். இளநீர் சிறுநீரகத்துக்கு நல்லது என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. பழுதில்லாத சிறுநீரகம் உடையவருக்கு அது கேடு செய்வதில்லை. இவருக்கு ஓர் இளநீரே ஆபத்தாகலாம். ஐந்து மூலை நட்சத்திரம் போன்ற புளிப்புப் பழம் ஒன்று உண்டு. அதிலுள்ள நஞ்சு சிறுநீரகம் கெட்டவர்களின் மூளையைத் தாக்குவதால் அதைத் தொடவே கூடாது. காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். சத்துப் போகிறதே என்று அந்த நீரில் ரசம் வைத்துக் கொடுத்த ஒரு பாட்டியை நான் அறிவேன். அவரிடம் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை. கொட்டு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

புரதத்தில் வேறொரு குழப்பம். டயாலிசிஸுக்கு முன்னர்ப் பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொன்ன அதே மருத்துவர் இப்பொழுது கூட்டச் சொல்லுகிறார். சிகிச்சையின்போது புரதத்தின் கூறுகள் ஓரளவு நீரோடு போய்விடுவதால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் நாள்தோறும் தேவைப்படுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு உகந்தது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை வேண்டும். கெட்டுப்போன சிறுநீரகம் இன்சுலினை விரைந்து அழிப்பதில்லை. பழைய அளவையே போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். இரத்த அழுத்த மாத்திரையைச் சிகிச்சை நாளில் முன்னர்ப் போடுவதா, பின்னர்ப் போடுவதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுச் செவிலி எழுதிக் கொடுத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை சிகிச்சை பெற்றவர் அடுத்துத் திங்கட்கிழமை வருகிறார். நடுவே இரண்டு முழு நாள் இடைவெளி. அமெரிக்காவில் பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, அந்த நீண்ட இடைவெளியை அடுத்த நாளில் இறப்பு மிகுவதைக் காட்டிற்று. நம் நாட்டிலோ பலர் வாரம் இருமுறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2016-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்க வழி செய்தது. ஆயினும் பஸ் கூலியும், துணைக்கு வருபவரின் ஒருநாள் சம்பளமும் எந்தத் திட்டக் கணக்கிலும் வருவதில்லை. நெசவாளர் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வரவில்லை. செவிலி தொலைபேசியில் கேட்டபோது, 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்றார். தறியில் ஒரு சேலை பாதியில் நின்றிருந்தது என்பதை அவர் மனைவி பிறகு சொன்னார். கடிந்துகொள்வதால் இதற்குத் தீர்வு கிடைக்காது. விடியற்காலை முறைக்கு அவரை மாற்றி, பகலுக்குமுன் வீடு திரும்பும்படி செய்த பிறகு அவர் தவறாமல் வரலானார்.

நலிவு உடம்போடு நிற்பதில்லை. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் இந்நோயாளிகளை அரிக்கிறது. சிலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் வேண்டுமென்றே நீரை மிகுதியாகக் குடிக்கிறார்கள். நான்கு மணி நேரம் பக்கத்திலிருக்கும் செவிலியிடம்தான் அவை முதலில் வெளிப்படுகின்றன. மருத்துவர் வந்து பார்த்துப் போகும் ஐந்து நிமிடத்தில் அவற்றுக்கு இடமில்லை.

இதற்கிடையே இடக்கையில் ஃபிஸ்டுலா தைத்தாயிற்று. தினமும் காலையில் வலக்கை விரல்களை மணிக்கட்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் செவிலி. பூனை முனகும்போது அதன் உடலில் கை வைத்தால் தெரிவது போன்ற ஓர் அதிர்வு அங்கே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது, அதன் மேல் தலை வைத்து உறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தறியில் அமர்ந்து வேலை செய்யலாமா என்று அவர் கேட்டார். புண் ஆறிய பின் மெதுவாகச் செய்யலாம், கை அசைவது நல்லதுதான் என்று மருத்துவர் இசைவளித்தார்.

இரண்டு மாதம் கழித்து, சிரை விரலளவு பருத்த பின்னர், மூத்த செவிலி ஒருவர் அதில் முதல் ஊசியைச் செலுத்தினார். புதிய ஃபிஸ்டுலாவில் ஊசி விலகிவிட்டால் கை முழுதும் கன்றிப் பல வாரம் வீணாகும். ஆகையால் முதல் சில தடவைகளுக்குத் தேர்ந்த கையையே அனுப்புவார்கள். அன்று மெல்லிய ஊசி, குறைந்த வேகம். சில தடவைகள் குறைவின்றி நடந்தேறின. அடுத்த வாரம் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். துளையை அழுத்திப் பிடித்துக்கொண்டே செவிலி, "இனி நீங்கள் தலைக்குக் குளிக்கலாம், ஐயா" என்றார்.